ஆறு நாள், ஓர் ஆறு

நாள் 1: காரையாறு

பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்த எண்கள் இவை. மூன்று அணைகளின் முழு உயரம், அடிக்கணக்கில். தாத்தா காலையில் பேப்பரை விரித்ததும் தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார், உள்ளே ஏதோ ஒரு மூலையில் போட்டிருக்கும் அணை நிலவரத்தைத் தேடிப் படித்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. விக்கிரமசிங்கபுரத்தில், சுருக்கமாக வி.கே.புரம், மில் தொழிலாளி. வயல் இல்லாத ஆளுக்கு அணை மட்டம் எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர் இல்லை.

அதற்காகவே கிளம்பினேன் என்று சொன்னால் பொய். பொங்கல் முடிந்து ஒரு வாரம் லீவு மிச்சம் இருந்தது. தாமிரபரணியைப் பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலில் விடும்வரை கூடவே போய்ப் பார்ப்பது என்று முடிவு. மொத்த நீளமே சுமார் 128 கிலோமீட்டர்தான். மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலில் முடிகிற வரை வேறு மாநிலத்தில் கால் வைக்காத ஆறு, தமிழ்நாட்டில் இந்த அளவுக்குப் பெரியதாக வேறு எது என்று யோசித்துப் பாருங்கள்.

பிறக்கும் இடத்துக்குப் போக முடியாது. 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையும் சுற்றியுள்ள காடும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. சின்ன வயதில் படகில் அணையைக் கடந்து பாணதீர்த்த அருவிக்குப் போயிருக்கிறேன், இப்போது அதுவும் இல்லை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, பிளாஸ்டிக் கவரில் இருந்த முறுக்கைத் துண்டில் கொட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். காரையாறு போகும் பஸ்ஸில் பாதிப்பேர் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குத்தான் வந்திருந்தார்கள். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. சன்னதியில் ஜோடி ஜோடியாகத் தொங்குகிறது. போன வருஷம் கட்டிய செருப்பை இந்த வருஷம் பார்த்தால் அடிப்பாகம் தேய்ந்திருக்குமாம், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறாராம். நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். மழையில் நனைந்து ஊறிய தோல் மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்ற ஆச்சி முறைத்ததால் விட்டுவிட்டேன்.

இந்தக் காடெல்லாம் ஒரு காலத்தில் சிங்கம்பட்டி ஜமீன். மேலே மாஞ்சோலைப் பக்கம் 8,373 ஏக்கரை 1929-இல் ஜமீன் ஒரு பம்பாய் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது, காட்டை அழித்துத் தேயிலை வந்தது. அந்தத் தேயிலைக்கும் இந்த ஆற்றுக்கும் திருநெல்வேலியில் ஒரு கணக்கு இருக்கிறது, அங்கே போகும்போது சொல்கிறேன்.

காரையாற்றில் இருக்கும் பாபநாசம் அணையைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். இதன் தண்ணீரில் 1944-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பைக்காரா, மேட்டூர், அடுத்தது பாபநாசம். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது இந்தக் காட்டுக்குள் டர்பைன்களைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. மட்டம் நிரம்புவதற்கு இரண்டு மூன்று அடி குறைவு என்று டீக்கடைக்காரர் நான் கேட்காமலேயே சொன்னார்.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். நான்கு கிலோமீட்டர் நடந்தபிறகு கோயிலுக்கு வந்த வேன் ஒன்று ஏற்றிக்கொண்டது, பொங்கச்சோறும் கொடுத்தார்கள்.

நாள் 2: பாபநாசம், வி.கே.புரம், கல்லிடை

காலையில் பாபநாசநாதர் கோயில் படித்துறை. குளிக்கலாம் என்று இறங்கியவன் காலில் ஏதோ சுற்றியது. பாம்பு என்று பதறி எடுத்துப் பார்த்தால் ஈர வேட்டி. பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திவந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள், பாவம் துணியோடு போய்விடுமாம். போவதில்லை, பாறை இடுக்கில் அங்கேயே கிடக்கிறது. டன் கணக்கில் எடுக்கிறார்கள், மறு அமாவாசைக்கு மறுபடி சேர்கிறது.

கொஞ்ச தூரத்தில் அகத்தியர் அருவி, அதற்கு மேலே கல்யாண தீர்த்தம். 1925 ஜூன் மாதம் வ.வே.சு. ஐயர் தன் குருகுல மாணவர்களையும் மகள் சுபத்ராவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். மகள் தவறி விழ, காப்பாற்றக் குதித்தவரும் போனார். லண்டனிலிருந்து போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவித் தப்பி வந்த மனிதர். பக்கத்துச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த நேரம் அது. பாறைமேல் உட்கார்ந்து கீழே பார்த்தால் தண்ணீர் ரொம்பச் சாதுவாகத் தெரிகிறது. அதுதான் பயம்.

அப்புறம் மில். ஹார்வி மில் என்றுதான் ஊரில் சொல்வார்கள், பெயர்ப் பலகையில் என்ன இருந்தாலும் சரி. ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880களில் தின்னவேலி மில் என்று தொடங்கியது. கம்பெனி தூத்துக்குடி, மதுரை என்று விரிந்து மதுரா மில் ஆகி, 1974-இல் மதுரா கோட்ஸ் ஆனது. கோவை பெரிய பஞ்சாலை ஊராக ஆவதற்கு முன்பே இந்த மலையடிவாரத்தில் கதிர் சுற்றியிருக்கிறது. ஏன் இங்கே? பருத்தி விளைவது கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசலில். ரயில் அப்போது இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. மாட்டுவண்டியில் பஞ்சுப் பொதியை இவ்வளவு தூரம் மலையடிக்குக் கொண்டுவந்ததற்கு ஒரே காரணம் விழுகிற தண்ணீர். அருவியின் விசையில் சக்கரம் சுழன்றது, சக்கரத்தில் மில் சுழன்றது. நிலக்கரிச் செலவு மிச்சம்.

அதாவது ஆற்றில் தண்ணீர் இருந்தால் மில்லில் வேலை. பிறகு மின்சாரம் வந்தும், அது அதே தண்ணீரிலிருந்துதான் வந்தது. தாத்தா ஏன் முதலில் அணை நிலவரம் படித்தார் என்பது வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் கழித்து.

உள்ளே விடவில்லை, எதிர்பார்த்ததுதான். எதிரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, அவர் அப்பாவும் மில்தான், "சங்கு ஊதினா ஊரே எந்திரிக்கும், எங்க வீட்ல கடிகாரமே கெடையாது" என்றார். தாத்தா ஓய்வுபெற்ற பிறகும் சங்கு நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். எங்கே போகிறது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்ணையில் இருந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்.

அம்பாசமுத்திரத்தில் சித்தப்பா மகனிடம் பைக்கை வாங்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி. இங்கே குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-இல் திருடுபோய் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்தார், 2019-இல் திரும்பி வந்தார். அதைவிட எனக்கு அப்பளம்தான் முக்கியம், மன்னிக்கவும்.

அக்ரஹாரத்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஐந்து பெண்கள். உளுந்து மாவில் உப்பு, பெருங்காயம், அப்பளக் காரம், பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து இடித்த மாவை நல்லெண்ணெய் தொட்டு நீளமாக உருட்டி வைத்திருந்தார்கள். ஒரு அக்கா கத்தியை எடுப்பார் என்று பார்த்தால் நூலை எடுத்தார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை உருளையைச் சுற்றி ஒரு இழு. வட்டு விழுகிறது. இன்னொரு இழு. கத்தியில் வெட்டினால் மாவு நசுங்கும், ஓரம் ஒட்டிக்கொள்ளும், நூலில் அறுத்தால் எல்லாம் ஒரே கனம் என்றார். அவர் பேசும்போது மட்டும் வேலை நின்றது, வாயில் நூல் இல்லாவிட்டால் வட்டு இல்லை. அப்பளத்தின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணமா என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இப்ப குழாய்த் தண்ணிதான், அதுவும் ஆத்துத் தண்ணிதானே" என்றார். நூறு அப்பளம் வாங்கினேன். பைக்கில் எப்படி நொறுங்காமல் கொண்டுபோவது என்று யோசிக்கவில்லை.

நாள் 3: கன்னடியன் கால்வாயும் பத்தமடையும்

இன்றைக்கு நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இதில் ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் கட்டியது, மீதி ஏழும் அவர்களுக்கு முந்தியவை. இந்த எட்டிலிருந்து பதினோரு கால்வாய்கள் பிரிந்து 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. நதியுண்ணி என்ற பெயரைக் கவனித்தீர்களா? ஆற்றை உண்கிறதாம். இப்படிப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் பொதுப்பணித்துறையில் இப்போது யாரும் இல்லை.

கன்னடியன் கதை தெரிந்ததுதான். கன்னட தேசத்துப் பிரம்மசாரி ஒருவர், தானமாகக் கிடைத்த செல்வத்தை வைத்து என்ன செய்வது என்று அகத்தியரிடம் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியெல்லாம் கால்வாய் வெட்டு, படுக்கும் இடமெல்லாம் குளம் வெட்டு என்றாராம். கதையாகவே இருக்கட்டும், ஆனால் பசு நல்ல சர்வேயர். மாடு செங்குத்தாக ஏறாது, சரிவை ஒட்டி வளைந்து வளைந்துதான் போகும். அதுதான் கால்வாய்க்கும் வேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கரையோடு ஓட்டினேன், எங்கேயும் தண்ணீர் அவசரப்படவில்லை, எங்கேயும் நிற்கவும் இல்லை.

வலது பக்கம் பிசானம் பால் பிடிக்கிற பருவம். ஊர்ப்பக்கம் குறுவை, சம்பா என்று சொல்வதில்லை, கார், பிசானம் என்றுதான் சொல்வோம். தென்மேற்குப் பருவத் தண்ணீரில் கார், வடகிழக்கில் பிசானம். இரண்டு மழையும் கிடைக்கிற ஆறு, அதனால் இரண்டு போகம். இப்போது கார் பல வருஷம் பாதிதான் நடக்கிறது.

வீரவநல்லூருக்கு அந்தப் பக்கம் பைக் பஞ்சர். கரையில் நின்றிருந்த லஸ்கர், அதாவது மடை திறந்து மூடும் ஊழியர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் ஆள், வண்டியைத் தள்ளக் கூட வந்தார். வெள்ளாங்குழியிலிருந்து புதிதாக வெட்டிய வெள்ளநீர்க் கால்வாயைக் காட்டினார். 2009-இல் தொடங்கிய திட்டம், கடலுக்குப் போகும் வெள்ளத்தைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் திசையன்விளைச் செம்மண் தேரிக்குக் கொண்டுபோவது. நல்லதுதானே என்றேன். "நல்லதுதான் சார். வெள்ளம் வந்தா மட்டும் தொறக்கணும். எது வெள்ளம்னு யார் சொல்றதுங்கறதுதான் சண்டை" என்றார். பஞ்சர் கடை வரும்வரை மடைச் சண்டைக் கதைகள். ஒரு கதையில் மண்வெட்டியால் வெட்டிக்கொண்ட இரண்டு பேர் சம்பந்திகள், மறுநாள் ஒரே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம்.

காருகுறிச்சியில் பானைச் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. குளத்து மண், ஊருக்கு ஊர் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் அருணாசலத்தின் நாகஸ்வரம். பொங்கல் முடிந்துவிட்டதால் விற்காத அடுப்புகள் வெளியே அடுக்கிக் கிடந்தன.

பத்தமடைக்கு வரும்போது மணி மூன்று. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர், ஆனால் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது பாய்தான். லெப்பை முஸ்லிம் குடும்பங்களின் தொழில். கோரை ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் வளர்வது. பச்சையாக வெட்டி, கிழித்து, காயவைத்து, பட்டுப் பாய்க்கென்றால் ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மயிரிழையாகக் கிழிக்க வேண்டும். சாதாரணப் பாய் சீக்கிரம் முடியும். பட்டுப் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கு ஆகும். சுருட்டி மடித்தால் துண்டு மாதிரி கைக்குள் அடங்குகிறது. சிவப்புக்கு முன்பெல்லாம் சப்பங்கட்டைச் சாயம் போடுவார்கள்.

நான் போன வீட்டில் அக்கா தரையோடு தரையாகக் கட்டிய தறியில் குனிந்திருந்தார். பாவு நூலுக்கு நடுவே கோரையை ஒரு நீளக் குச்சியில் மாட்டி அந்தப் பக்கம் தள்ளி, அச்சை இழுத்து ஒரு தட்டு. கல்யாணப் பாய். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஓரத்தில் நெய்ய வேண்டும். எழுதிக் கொடுத்த சீட்டு பாவுக்கு அடியில் இருந்தது. அதில் பெண் பெயர் 'ஷர்மிளா', நெய்ததில் 'ஷர்மிலா'. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அக்கா சீட்டைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு எழுத்துக்கு அரை நாள் தம்பி" என்று சொல்லிவிட்டு உருவத் தொடங்கினார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவருடைய மகள் டீ கொண்டுவந்து வைத்து, "நல்லவேளை சொன்னீங்க, அனுப்பினப்புறம் திருப்பி வந்திருந்தா மொத்தப் பாயும் போச்சு" என்றபிறகுதான் மூச்சு வந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டேன், சொன்னார். கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவர்கள் தெருவில் அடுத்த தலைமுறைப் பெண்கள் ஜவுளிக் கடைக்கும் பீடிக்கும் போகிறார்கள். எதிர்த்திண்ணையில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து இரண்டு பேர் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த மாவட்டத்தில் தொழில் என்ன என்று அரசாங்கம் எதை எழுதினாலும், மதியம் மூன்று மணிக்குத் தெருவில் நடந்தால் தெரிவது இந்தச் சொளவுதான்.

நாள் 4: திருநெல்வேலி

இன்று சின்னதாக எழுதுகிறேன்.

பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவில் சுலோசன முதலியார் பாலம். முதலியார் கலெக்டர் ஆபீசில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். பாலம் கட்டப் பொதுமக்களிடம் வசூல் செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது, மனைவியின் நகையையும் சேர்த்துத் தன் கையிலிருந்து 50,000 ரூபாய் கொடுத்தார். 1843-இல் திறந்தார்கள். லண்டன் வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துப் பதினோரு வளைவுகள் வைத்துக் கட்டியது. லண்டனில் அந்தப் பழைய பாலத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள், இங்கே டவுன் பஸ் இன்னும் ஓடுகிறது. 2023 வெள்ளத்திலும் நின்றது.

பாலத்துக்குப் பக்கத்தில் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டு, கைதானவர்களை விடச்சொல்லி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஓடியவர்களுக்கு ஓட இருந்த ஒரே இடம் ஆறு. 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. நான் முதல் நாள் சொன்ன கணக்கு இதுதான். 2024-இல் எஸ்டேட்டில் விருப்ப ஓய்வு கொடுத்து எல்லோரையும் கீழே இறங்கச் சொன்னார்கள், குத்தகை 2028-இல் முடிகிறது. நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள். படித்துறையில் இன்று துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், சின்னப் பையன்கள் குதித்து விளையாடினார்கள். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அல்வா வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன்.

நாள் 5: ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம்

ஆற்றின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு மேடு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார், அவர் எடுத்த வெண்கல, இரும்பு, பொன் பொருள்கள் சென்னை எழும்பூர் மியூசியத்தில். அதற்கப்புறம் நூறு வருஷம் யாரும் மண்வெட்டி எடுக்கவில்லை, 2004-இல்தான் மறுபடி. இப்போது தோண்டிய குழிமேலேயே கண்ணாடித் தரை போட்டிருக்கிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு மேலே நடந்தால் காலுக்கு நேர் கீழே தாழி, தாழிக்குள் எலும்பு. கூட வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியை மிதிக்கமாட்டேன் என்று ஓரமாகவே நகர்ந்தார்கள். ஆசிரியர் அதட்டினார். எனக்குப் பிள்ளைகள் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

நெல்லைச் சீமையின் தொழில் வரலாறு என்று யார் எழுதினாலும் ஹார்வியில் தொடங்குகிறார்கள், நானே இரண்டாம் நாள் அப்படித்தான் தொடங்கினேன். பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று காலம் வந்தது. அதே ஊரில் கிடைத்த இரும்புக்கு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்னும் விவாதம் நடக்கட்டும். இரும்பை உருக்க உலை வேண்டும், விறகு வேண்டும், அதற்கென்று ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு போட வேறு யாரோ நெல் விளைக்க வேண்டும். நெல்லும் இரும்பும் ஒரே ஊர்த் தாழியில் இருப்பதை எனக்குத் தெரிந்தவரை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. ஆற்றுக்குப் பெயரிலேயே தாமிரம் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டம் கடைசி அணைக்கட்டு. வழியெல்லாம் வாழை. அணைக்கட்டின்மேல் நின்றால் மேல்பக்கம் தண்ணீரைவிட அமலைச் செடிதான், அதாவது ஆகாயத்தாமரைதான் அதிகம், பச்சைக் கம்பளம், மாடு நடந்துபோகலாம் போல. அணைக்குள் மண் மேடிட்டுப் பல பத்தாண்டுகளாகிறது. 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தூர்வாரச் சொன்னது. தூர்வாரினார்களா, மணல் அள்ளினார்களா என்று ஊரில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

இங்கே வடகால் என்ற வடக்குக் கால்வாயில்தான் ஆறு தொழிற்சாலைக் குழாய்க்குள் போகிறது. 1970களில் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்காக வந்த 20 எம்.ஜி.டி. திட்டம், நாளுக்கு இரண்டு கோடி கேலன், லிட்டரில் ஒன்பது கோடி. உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், கனநீர் ஆலை எல்லாம் இந்தத் தண்ணீரை நம்பி வந்தவை. கூடவே வேலையும் சம்பளமும் வந்தன, எங்கள் சொந்தத்திலேயே மூன்று வீடு அதில்தான் நிமிர்ந்தது, அதனால் ஒரேயடியாகத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு வித்தியாசம். ஹார்வி மில் தண்ணீரை விழவைத்துச் சக்கரம் சுற்றியதும் ஆற்றிலேயே விட்டுவிட்டது, அடுத்த மடைக்காரனுக்கு ஒரு படிகூடக் குறையவில்லை. பத்தமடைக் கோரை தண்ணீரில் ஊறிவிட்டு வெளியே வருகிறது. கன்னடியனில் போனதும் வயலில் கசிந்து பாதி கீழே ஆற்றில் வந்து சேர்கிறது. குழாயில் போனது திரும்பி வருவதில்லை. கடைமடை விவசாயி கார் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டுக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் வருஷத்திலும் குழாய்க்குள் சத்தம் கேட்கும்.

ஊருக்குள் டீக்கடைச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அன்று. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் இங்கே ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு சுமார் 800 பேர் தவித்தது நினைவிருக்கும். கோடு போட்டது யார் என்று கேட்டேன். "தண்ணியே போட்டுச்சு, நாங்க பெயின்ட் அடிச்சோம்" என்றார் கடைக்காரர். ரயிலில் இருந்தவர்களுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் தங்கள் வீட்டில் மிச்சமிருந்த அரிசியைக் கோயிலில் வைத்துப் பொங்கிக் கொடுத்தார்கள்.

நாள் 6: கொற்கை, புன்னைக்காயல்

ஏரல், ஆத்தூர். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் நுழைந்தால் வெளியே அடிக்கிற வெயில் உள்ளே இல்லை, காரமான ஈர வாசனை. இரண்டு கவுளி வாங்கிக் கல்லிடை அப்பளத்தின்மேல் வைத்தேன். அப்பளம் ஏற்கெனவே பாதி பொடி.

கொற்கையில் கடலைத் தேடாதீர்கள், ஏழு கிலோமீட்டர் போல விலகிப்போய்விட்டது. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இப்போது குளமும் வாழையும் ஒரு பழைய வன்னி மரமும். ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணே துறைமுகத்தை மூடியது. முதல் நூற்றாண்டில் இந்தக் கடற்கரை பற்றி எழுதிய கிரேக்க மாலுமி, இங்கே முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று குறிப்பெழுதி வைத்திருக்கிறார். முத்தைப் பாடியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மூழ்கியவன் யார் என்பதை வெளியூர்க்காரன் சொல்லித்தான் தெரிகிறது.

கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்கோ போலோ பார்த்த காயல். அதுவும் தூர்ந்தது. இன்றைக்குப் பழையகாயலில் அணுசக்தித் துறையின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது, சுற்றிலும் உப்பளம். தெற்கே சாகுபுரத்தில் 1950களின் கடைசியில் வந்த ரசாயன ஆலை, அதற்கு மூலப்பொருளே உப்பு. வடக்கே தூத்துக்குடி. ஹார்வி கம்பெனி மேலே அருவியில் நூல் நூற்றது மட்டுமல்ல, கீழே துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கும் அதுதான் ஏஜென்ட். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும், 1908-இல் ஹார்வியின் கோரல் மில் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யவைத்ததும் தனித்தனிச் சண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். ஆற்றோடு இறங்கிவந்தால் இரண்டும் ஒரே முதலாளியோடு.

புன்னைக்காயலுக்குப் போகும் ரோடு உப்பளத்துக்கு நடுவில். ஊர் சின்னது, கோயில் பெரியது. போர்த்துகீசியர் காலத்தில் ஹென்ரிக் ஹென்ரிகஸ் என்ற பாதிரியார் இங்கே தங்கித் தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, தமிழை அச்சில் ஏற்றினார். அவருடைய அடியார் வரலாறு 1586-இல் இந்த ஊரில்தான் அச்சானது என்கிறார்கள். அச்சகம் இருந்த இடம் எது என்று நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு திசை காட்டினார்கள்.

கழிமுகத்தில் ஆறு அகலமாக, சோம்பலாகக் கிடந்தது. ஒரு பக்கம் அலையாத்திக் காடு, இன்னொரு பக்கம் ஏற்றிவைத்த வள்ளங்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர், அறுபது வயது இருக்கும், எங்கிருந்து வாரீய என்று கேட்டார். பாபநாசத்திலிருந்து ஆற்றோடு வருகிறேன் என்றேன். நடந்தா என்றார். இல்லை, பைக்கில். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. நான் தண்ணீரில் கைவைத்து நாக்கில் தொட்டேன், உப்பு. மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்கினால்தான் கழிமுகம் திறக்கும், இறாலும் மீனும் ஏறும், இல்லாவிட்டால் மணல் வாயை அடைத்துக்கொள்ளும், வள்ளம் வெளியே போகாது என்றார். பேசிக்கொண்டே ஒரு முடிச்சை அவிழ்த்தார், பல்லில் கடித்து இழுத்தார். அப்பளக்கார அக்கா நினைவுக்கு வந்தார்.

கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அணையில எத்தன அடி கெடக்கு?"

143-க்கு இரண்டு மூன்று அடி குறைவு, முதல் நாள் கேட்டது, என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இன்னும் ஒரு மழை வேணும்" என்று சொல்லிவிட்டு வலைக்குக் குனிந்துகொண்டார்.